ஏணி தவறவிட்ட பந்து

அந்தப் பையன் இளமையில் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. வளர்ந்தான், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு காரியத்தில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. முதலில் வீட்டு வாசல் நிலையில் தலை இடித்தது, பிறகு பள்ளிக்கூட வாசலில் இடித்தது, கடைசியில் பேருந்தின் கூரையிலும் இடித்தது. பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று அவனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். கடைசி பெஞ்சில் இருப்பதால் மக்கு என்று முடிவு கட்டினார்கள். அவனும் எதிர்த்துப் பேசவில்லை. யார் என்ன சொன்னாலும் சரி என்று கேட்டுக்கொள்வது அப்போதே அவனுக்கு வழக்கமாகிவிட்டது.

வேலை கிடைத்ததும் உயரத்தால்தான். துறைமுகக் கிடங்கில் வர்ணம் பூச ஆள் எடுத்தார்கள். வரிசையில் போய் நின்றான். துறைமுக ஊழியர்களின் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கமாக வந்தார். எல்லாத் தலைகளுக்கும் மேலே தனியாக ஒரு தலை தெரிந்தது. “இவன் ஏணி இல்லாமலே பெயிண்ட் அடிப்பான் போலிருக்கே” என்றார். அன்று சாயங்காலமே அவன் அணியில் ஆட்டக்காரனும் கிடங்கில் எழுத்தரும் ஆனான். பெயரும் ஏணி என்று நிலைத்துவிட்டது.

ஏணிக்கு வேகமாக ஓட வராது. குதிக்க அவசியமே இல்லை. கூடைக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்று, மற்றவர்களின் முழங்கைகளை விலாவில் வாங்கிக்கொள்வதுதான் அவன் ஆட்டம். பலகையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்தால் உடனே குண்டூசியிடம் கொடுத்துவிட வேண்டும். குண்டூசி அணியிலேயே குள்ளமானவன். எதிரணிக்காரன் காலை அகட்டினால் அந்த இடைவெளியிலேயே புகுந்து போகக்கூடியவன். ஏணி வாயைத் திறக்க மாட்டான், குண்டூசி வாயை மூட மாட்டான். இருவருக்குமாகச் சேர்த்துக் கொடுத்த பேச்சை ஒருவனே எடுத்துக்கொண்டதுபோல் இருக்கும்.

அப்புறம் அந்த இறுதி ஆட்டம் வந்தது. எதிரே மின்நிலைய அணி. துறைமுகம் ஒரே ஒரு புள்ளி பின்னால். மணி அடிக்கப்போகிற நேரத்தில், பந்து கூடைக்கு நேர் கீழே துறைமுக அணிக்காரன் கையில் இருந்தது. பக்கத்தில் தடுக்க ஒருவரும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழ வேண்டிய பந்து. விழவில்லை. மறுநாள் காலைப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘கோப்பையைக் கோட்டைவிட்ட ஏணி’.

ஏணி அதைப் படித்தது துறைமுக மருத்துவரின் அறையில், கட்டிலுக்கு வெளியே கால்கள் நீட்டிக்கொண்டிருக்க. ஆட்டத்தில் எவனோ ஒருவனின் முழங்கை அவன் நெற்றிப்பொட்டில் இறங்கியிருந்தது. பாதி ஆட்டம் வரை நினைவிருந்தது. அதற்குப் பிறகு கண் விழித்தது கட்டிலில்தான். கடைசிப் பந்துக்கு நடந்த தள்ளுமுள்ளில் அடிபட்டிருக்கும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். பத்திரிகையே போட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, கூடைக்கு அடியில் நிற்பது அவன்தான். சந்தேகப்பட என்ன இருக்கிறது? யார் கேட்டாலும், “ஆமாங்க, நான்தான் விட்டேன்” என்றான்.

அணிக்காரர்கள் யாரும் அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றுமுதல் அவன் உள்ளே வந்தால் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். தண்ணீர்ப் புட்டியை முதலில் அவனிடம் நீட்டினார்கள். வாயாடிக் குண்டூசி அவனைக் கண்டால் கண் கலங்கினான். கோப்பையைக் கோட்டைவிட்டவனுக்கு இத்தனை மரியாதையா என்று ஏணிக்குக் குழப்பமாக இருந்தது. பாவம் பார்க்கிறார்கள் என்று எண்ணி, அதற்காகவும் வெட்கப்பட்டான்.

துறைமுகத் தொலைபேசி இணைப்பகத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். ஊரில் தொலைபேசி வைத்திருந்தவர்களெல்லாம் ஏணியைத் திட்டுவதற்காகக் கிடங்குக்கு அழைத்தார்கள். இணைத்துக் கொடுப்பது அவள் வேலை. இணைத்த பிறகு ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது விதி. அவள் கேட்டாள். அந்தப் பக்கம் கத்தித் தீர்ப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு தணிந்த குரல், “என் தப்புதாங்க, மன்னிச்சுக்குங்க” என்று மட்டும் சொல்லும். இன்னொருவன் பந்தைச் சரியாகக் கொடுக்கவில்லை, நடுவர் ஏமாற்றிவிட்டார், தரை வழுக்கியது, எதுவும் கிடையாது. தன் அப்பா, அண்ணன், மேலதிகாரி என்று எத்தனையோ ஆண்களைப் பார்த்தவள் அவள். தப்பை ஒத்துக்கொள்ளும் ஆண் ஒருவனைக் காதால் கேட்பது அதுவே முதல் தடவை. கொஞ்ச நாளில், திட்ட அழைத்தவர்களுக்கு, “லைன் கிடைக்கலை சார்” என்று பொய் சொல்லத் தொடங்கினாள். அந்த வருடமே இருவருக்கும் கல்யாணம் ஆனது.

அதன் பிறகு சில காலம்தான் ஆடினான். முட்டி தேய்ந்துவிட்டது. கிடங்கு மேசைக்கு அடியில் மடக்கி வைக்க முடியாத காலோடு உட்கார்ந்திருந்தவனை ஒருநாள் வானொலி நிலையத்திலிருந்து தேடி வந்தார்கள். தோல்விகளைப் பற்றி ஒரு தொடர் செய்கிறார்களாம். தேர்தலில் தோற்றவர், தொழிலில் நொடித்தவர் எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், விளையாட்டுக்கு ஓர் ஆள் குறைகிறதாம். முடியாது என்று சொல்லத் தெரியாத காரணத்தால் ஏணி ஒப்புக்கொண்டான்.

பேச வராதே என்று வீட்டில் வந்து கையைப் பிசைந்தான். தொலைபேசியில் நாள் முழுக்க முகம் தெரியாதவர்களோடு பேசுகிறவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. “ஊருக்கே பேசுறேன்னு நினைக்காதீங்க. அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள் காதுல வச்சுக்கிட்டு இருக்காரு, அவருக்குச் சொல்லுங்க” என்றாள்.

அப்படியே சொன்னான். ஆனால் சொல்வதற்கு அவனிடம் சரக்கு இல்லை, ஞாபகம்தான் இல்லையே. அதனால் இருந்திருக்கக்கூடியதைச் சொன்னான். பந்து வளையத்தின் விளிம்பை ஒரு சுற்று சுற்றி வந்தது, மேலே ஒரு கணம் நின்றது, “யோசிச்சதுங்க, அந்தப் பந்து. உள்ளே போகலாமா வேண்டாமான்னு யோசிச்சது. என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் வெளியே விழுந்துடுச்சு.” கேட்டுக்கொண்டிருந்த ஊர் அழுதது. திட்டுவதற்கு அழைத்த அதே ஆட்கள் இப்போது பாராட்ட அழைத்தார்கள்.

வானொலியில் பேசிய ஒருவனை அவன் என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. எனவே இனி நாமும் அவர் என்றே சொல்லிவிடுவோம்.

அவர் கூடைப்பந்து வர்ணனையாளர் ஆனார். மற்ற வர்ணனையாளர்கள் புள்ளி எடுத்தவனைத் தூக்கி வைத்துப் பேசுவார்கள். இவர் தவறவிட்டவனைப் பற்றிப் பேசுவார். சுலபமான பந்தை எவனாவது கோட்டைவிட்டால், அரங்கமே தலையில் அடித்துக்கொள்ளும் நேரத்தில், ஒலிபெருக்கியில் ஆற அமர, “விடுங்க தம்பி, நான் விடாததா?” என்பார். அந்த வாசகம் ஊர் வாய்க்குப் போய்விட்டது. பரீட்சையில் தேறாத பிள்ளை அப்பாவிடம் சொன்னது. கன்னத்தில் கீறிவிட்ட முடிதிருத்துபவர் சொன்னார். வேறு பல்லைப் பிடுங்கிவிட்ட பல் மருத்துவர் ஒருவரும் சொல்லிப் பார்த்தார், அவருக்கு மட்டும் பலிக்கவில்லை. தொலைக்காட்சி வந்து அவரை உள்ளே இழுத்துக்கொண்டது. தோல்வியைத் தாங்குவது எப்படி என்று பேசக் கல்லூரிகள் அழைத்தன. கடைவீதியில் குரலை வைத்துக் கண்டுபிடிக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து, “இவ்ளோ உயரமா சார் நீங்க? பேசாம கூடைப்பந்து ஆடியிருக்கலாமே” என்பார்கள். அவர் ஆடியதை ஊர் மறந்துவிட்டது. தவறவிட்டதை மட்டும் மறக்கவில்லை.

குண்டூசி துறைமுகத்தை விட்டு வந்து கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். பேச்சு அவரிடமிருந்து கழன்று இவரிடம் வந்துவிட்டதோ என்னவோ, அவர் இப்போது வாய் திறப்பதே அரிது. ஆனால் ஏணி வீட்டில் குழாய் ஒழுகினால் முதலில் வந்து நிற்பது அவர்தான். முட்டி அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவமனை நாற்காலியிலேயே கிடந்தார். ஏணியின் மனைவிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, அந்தப் பயிற்சியில் இடிபட்ட சுவரையும் தானே பூசிக்கொடுத்தார். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிச் செய்யமாட்டார்கள் என்று ஏணி எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்படுவார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் படச்சுருள் கிடைத்தது. மின்நிலைய அணியின் மேலாளராக இருந்தவர் தங்கள் வெற்றியைக் கண்ணாரக் காண ஆசைப்பட்டு இறுதி ஆட்டத்தைப் படம்பிடிக்க வைத்திருந்தாராம். அவர் காலமான பிறகு மகன் பரணைச் சுத்தம் செய்தபோது அகப்பட்டது. தொலைக்காட்சி நிலையம் அதை வாங்கித் துலக்கியது. அந்தப் படத்துக்கு ஏணியே நேரலையில் வர்ணனை சொல்வதாக ஒரு சிறப்பு நிகழ்ச்சி ஏற்பாடானது. முன்கூட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று படத்தொகுப்பாளர் அவரை அழைத்தாள்.

தொகுப்பு அறை குளிர்பதனப் பெட்டி மாதிரி இருந்தது. காலை மடக்க இடமில்லாமல் ஏணி கதவைத் திறந்து வைத்து, முட்டியிலிருந்து கீழே உள்ளதையெல்லாம் நடைவழியில் நீட்டிக்கொண்டார். போகிறவர்கள் தாண்டிப் போனார்கள். திரையில் கறுப்பு வெள்ளையில் ஆட்டம் ஓடியது. தொகுப்பாளருக்கு அந்தக் கதை பள்ளிக்கூட நாளிலிருந்தே மனப்பாடம். கடைசிக் கட்டம் நெருங்கியதும் அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். பிறகு படத்தை நிறுத்தினாள்.

“சார், உங்க நம்பர் என்ன?”

“பதினாலு.”

“பதினாலு இங்கேதானே உட்கார்ந்திருக்கு?”

அவள் விரல் திரையின் இடது மூலையைக் காட்டியது. மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சு. அதன் ஓரத்தில், தலைமேல் துண்டு போர்த்திய நெடிய உருவம் ஒன்று. கொஞ்சம் பின்னால் ஓட்டினாள். முழங்கை நெற்றியில் விழுவதும், இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டுபோய் உட்கார வைப்பதும் தெளிவாகத் தெரிந்தன. ஆட்டத்தில் இன்னும் கால்வாசி பாக்கி இருந்தது. மறுபடி முன்னால் ஓட்டினாள். எல்லோரும் வெளியிலிருந்து எறிவான் என்று எதிர்பார்த்த குண்டூசி கூட்டத்துக்குள் நுழைந்து, கூடைக்கு அடியில் முளைத்து, பந்தை மேலே விட்டான். பந்து வளையத்தின் பக்கமே போகவில்லை. பலகையின் அடிப்பக்கத்தில் இடித்து, நேராகத் திரும்பி அவன் மூக்கிலேயே விழுந்தது. அது எதையும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

பத்திரிகைக்காரர் கூட்டத்துக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டுமென்று அவசரப்பட்டிருக்க வேண்டும். கூடைக்கு அடியில் இருந்தவன் விட்டுவிட்டான் என்று யாரோ சொன்னால், அது ஏணி என்றுதான் யாரும் எழுதுவார்கள்.

ஏணிக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெளியூர் போய்த் திரும்பியபோது வீட்டில் ஓர் அறையே காணாமல் போயிருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. எழுந்து நின்றார், அறைக் கூரையில் தலை இடித்தது.

நேரே ஓட்டுநர் பள்ளிக்குப் போனார். குண்டூசி, பயிற்சிக்கான காரில் அடுத்த மாணவருக்காகக் காத்திருந்தார். ஏணி ஓட்டுநர் இருக்கையில் தன்னை மடித்துத் திணித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் தனித்தனி பிரேக் இருந்த வண்டி அது.

“அந்தப் பந்தை விட்டது நீயாடா?”

குண்டூசி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இதென்ன கேள்வி? உனக்குத் தெரியாதா?”

“இன்னைக்குக் காலையிலதான் தெரியும்.”

நடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அன்று குண்டூசி தற்காலிக ஊழியர். ஆட்டத்துக்கு வராத துறைமுகத் தலைவர் பத்திரிகையைப் பார்த்துக் கடும் கோபத்தில் இருந்தார், தவறவிட்டவன் யார் என்று தெரிந்தால் மறுநாளே சீட்டைக் கிழித்திருப்பார். ஏணியோ நிரந்தரம், அவரைத் தொட முடியாது. அதனால்தான் ஏணி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நண்பனைக் காப்பாற்றினார் என்று குண்டூசியும் அணியும் நினைத்தார்கள். அப்படிப்பட்டவனிடம் போய் அதைப் பற்றிப் பேசி, செய்த உதவியைச் சிறுமைப்படுத்தக் கூடாது என்று எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள்.

“அப்போ நீ எனக்காகச் செய்யலையா?” என்றார் குண்டூசி.

“இல்லடா. நான்தான் விட்டேன்னு நினைச்சேன்.”

குண்டூசி ஏற்கெனவே சுத்தமாக இருந்த முன்கண்ணாடியைத் துணியால் துடைத்தார். “இத்தனை வருஷமா உனக்கு நன்றியோட இருந்தேனே, அதை இப்போ என்ன பண்றது?”

ரேடியோவில் பேசக் கூப்பிட்டபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று ஏணி கேட்டார்.

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் நீ பேசினதைக் கேட்டேன். பந்து யோசிச்சதுன்ன. எனக்கே அழுகை வந்துச்சு. நான் விட்டதைவிட நீ விட்டது நல்லா இருந்துச்சுடா.” துணியை மடித்து வைத்தார். “நிகழ்ச்சியில உள்ளதைச் சொல்லிடு. எனக்கும் வயசாகுது. என் பந்து எங்கிட்டயே வரட்டும்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முழுக்கக் கேட்டார். தப்பை ஒத்துக்கொள்ளும் ஆண் என்று நம்பித்தான் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டார். இப்போது பார்த்தால் தப்பே செய்யாமல் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

“அப்போ நான் எதைப் பார்த்துதான் கட்டிக்கிட்டேன்?” என்றார்.

“நான் வேற யார் மேலயும் பழி போடலையே” என்று ஏணி மெல்ல இழுத்தார்.

“யாரு மேல போடணும்னு தெரிஞ்சாத்தானே போடுவீங்க?” என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஏணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் கண்ணைத் துடைக்கத் தன் துண்டை எடுத்து நீட்டினார்.

நிகழ்ச்சி அன்று ஊரே தொலைக்காட்சி முன்னால் இருந்தது. ஏணி வழக்கமான குரலில், யாரோ இரண்டு அணிகள் ஆடுவதுபோல் வர்ணனை சொன்னார். கடைசிப் பந்து வந்தது. “குண்டூசி உள்ளே வர்றார். தடுக்க ஆளில்லை. போடுறார். போகலை. மூக்குல பட்டிருச்சு. நான் எங்கேன்னு தேடுறீங்களா? இடது மூலையைப் பாருங்க, துண்டு போர்த்தியிருக்கேன். பந்தை விட்டது நான் இல்லைங்க. இத்தனை நாளும் எனக்கே தெரியாது.”

உண்மையைச் சொன்னவருக்கு ஊர் கொடுத்த மரியாதை இருக்கிறதே! பாதிப் பேர் நம்பவில்லை. அன்றைக்கு அரங்கத்தில் இருந்ததாகவும், ஏணி விட்டதைத் தங்கள் இரண்டு கண்ணாலும் பார்த்ததாகவும், பந்து வளையத்தில் சுற்றியதைக்கூடப் பார்த்ததாகவும் சத்தியம் செய்தார்கள். படத்தில் ஏதோ தில்லுமுல்லு என்றார்கள். மீதிப் பேர் நம்பினார்கள், நம்பியதால் கோபப்பட்டார்கள். வயதான காலத்தில் ஓர் அப்பாவி நண்பனைக் காட்டிக்கொடுத்துவிட்டாராம். முன்பு பந்தை விட்டதற்குத் திட்டியவர்கள், இப்போது விடாததற்குத் திட்டினார்கள். அடுத்த ஆட்டத்தில் ஒரு பெண் சுலபமான பந்தைத் தவறவிட்டாள். ஏணி வாயைத் திறந்தார், சொல்லத் தகுதி இல்லையே என்று மூடிக்கொண்டார். அந்த மௌனத்துக்கும் புகார் வந்தது.

கல்லூரிகள் குண்டூசியை அழைத்தன. மேடை ஏறினார். “கூடைக்குக் கீழ நின்னேன். போட்டேன். போகலை. வண்டி ஓட்டும்போது போன் பேசாதீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கினார். இரண்டு மேடைகளுக்குப் பிறகு அழைப்பு நின்றுவிட்டது. கல்லூரி முதல்வர் ஒருவர் ஏணியிடமே திரும்பி வந்து, அந்தப் பழைய கதையையே சொல்லும்படி கெஞ்சினார். யார் விட்டது என்பதா முக்கியம், பிள்ளைகளுக்கு அது ஆறுதலாக இருந்ததே என்றார். ஏணி முதல்முறையாக ஒருவரிடம் முடியாது என்றார். சொல்லிவிட்டு, இத்தனை சுலபமா இது என்று அவரே வியந்தார்.

தொகுப்பாளர் முழுப் படத்தின் பிரதி ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தாள். நிகழ்ச்சியில் காட்டாத பகுதியும் அதில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குண்டூசியும் வந்திருந்தபோது அதை வீட்டில் ஓட்டிப் பார்த்தார்கள்.

பந்து மூக்கில் விழுந்தது. மணி அடித்தது. மின்நிலைய அணி கும்மாளம் போட்டது. துறைமுக ஆட்கள் நின்ற இடத்திலேயே சரிந்தார்கள். அப்போது இடது மூலையில் துண்டு பறந்தது. நெடிய உருவம் எழுந்தது. இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கியது. குதித்தது. எதிரணிக்காரர்களைக் கட்டிப்பிடித்தது, நடுவரின் கையைக் குலுக்கியது, தள்ளாடியபடியே வந்து, தரையில் முகத்தை மூடிக்கொண்டு கிடந்த குண்டூசியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றத் தொடங்கியது. அடிபட்ட தலைக்குள் அவர்கள் ஜெயித்திருந்தார்கள்.

“ஆமா, தூக்கினான்” என்றார் குண்டூசி. “‘ஜெயிச்சுட்டோம்டா, நீதான் போட்ட’ன்னு காதுல கத்தினான். எனக்கு ஆறுதல் சொல்றான்னு நினைச்சேன். இவனை மாதிரி ஒரு மனுஷன் உண்டான்னு அப்போ நினைச்சதுதான்.”

ஏணி திரைக்கு மிக அருகில் போய் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை. “நான் குதிச்சிருக்கேன் பாரு” என்றார் மனைவியிடம். “நான் குதிச்சு நீ பார்த்ததே இல்லையே.”

மனைவி பார்த்ததில்லைதான். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். அது முடிந்ததும் மறுபடியும் ஓட்டச் சொன்னார். அன்று சாயங்காலம் ஏணிக்கு ஓர் ஆட்டத்துக்கு வர்ணனை சொல்லப் போக வேண்டியிருந்தது. குண்டூசி வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தி ஒலிப்பானை அடித்துக்கொண்டே இருந்தார். உள்ளே, திரையில், தோற்ற அணியின் பெரிய ஆள் சந்தோஷம் தாங்காமல் குதித்துக்கொண்டிருந்தார்.